போரும் டிவியும்: குன்னூர்ப் பக்கம் ஒரு வாக்குவாதத்தைக் கூட்டி நடத்துவது எப்படி

“டிவிக்காரன்தான் ஜனங்களுக்குச் சண்டை வெறி ஏத்துறான்” என்பார் ஒருவர். “டிவி இல்லேன்னா பார்டர்ல என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்பார் எதிர் பெஞ்சுக்காரர். டீ ஆறுவதற்குள் “நீ எப்பவாவது யூனிஃபார்ம் போட்டிருக்கியா?” என்ற கேள்வி வந்து விழும். அத்தோடு பேச்சு முடிந்தது.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், அதை ஒட்டி முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ், சற்றுத் தள்ளி அருவங்காட்டில் கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி. இந்தப் பக்கத்தில் போர்ச் செய்தி தூரத்துச் செய்தி இல்லை. டிவி அலறுகிற நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பையன் நிஜமாகவே எல்லையில் நின்றுகொண்டிருப்பான். அதனால் இந்த வாக்குவாதத்தைத் தவிர்க்கவும் முடியாது, டீக்கடைப் போக்கில் விட்டுவிடவும் கூடாது. வாசகசாலையோ குடியிருப்போர் சங்கமோ கல்லூரி மன்றமோ, இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் உருப்படியாக நடத்தலாம்.

கேள்வியை முதலில் மூன்றாக உடையுங்கள்

“டிவி மக்கள் கருத்தை மாற்றுகிறதா?” என்பது பார்க்க ஒரு கேள்வி; உள்ளே மூன்று இருக்கின்றன. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை டிவி தீர்மானிக்கிறதா? என்ன நடந்தது என்று நாம் நம்புவதை டிவி தீர்மானிக்கிறதா? போர் வேண்டும், வேண்டாம் என்று நாம் எடுக்கிற பக்கத்தை டிவி தீர்மானிக்கிறதா? ஒருவர் முதல் கேள்விக்கு ஆதாரம் காட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் மூன்றாவதை மறுத்துக்கொண்டிருப்பார். பாதிச் சண்டை இதனால் வருவதுதான். மூன்றையும் மூன்று சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யார் பேச எழுந்தாலும் எந்த பேப்பரைப் பற்றிப் பேசுகிறார் என்று கையைக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சின்ன விதிதான், ஆனால் கூட்டத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

எங்கள் கணிப்பைச் சொல்லிவிடுகிறோம், நடத்துபவருக்கு உதவும். முதலாவதற்கு ஆதாரம் கெட்டி. 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களை மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் ஆராய்ந்தார்கள். செய்தியில் எது பெரிதாக வந்ததோ அதையே மக்களும் பெரிய பிரச்சினை என்றார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இரண்டாவதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் ஒரு வில்லங்கத்தோடு. 2003 இராக் போரையொட்டி மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஒரு ஆய்வு மூன்று தவறான நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டது: பேரழிவு ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, சதாமுக்கும் அல்கொய்தாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது, உலகமே போரை ஆதரிக்கிறது. ஒரு குறிப்பிட்ட தனியார் சேனலை நம்பிப் பார்த்தவர்களில் 80 சதவீதம் பேர் இவற்றில் ஒன்றையாவது நம்பினார்கள். பொது ஒலிபரப்பை நம்பியவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் சேனல் அப்படி நம்பவைத்ததா, அப்படி நம்புகிறவர்கள் அந்த சேனலைத் தேடிப் போனார்களா? இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் அவருக்கு ஒரு வர்க்கி அதிகம் கொடுங்கள்.

மூன்றாவதுக்கு ஆதாரம் பலர் நினைப்பதைவிட மெலிது. அதற்குக் கீழே வருகிறோம்.

ஆள், இடம், நேரம்

எட்டு முதல் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது ஆள் வந்தால் மைக் வேண்டும். மைக் வந்தால் அது கூட்டம், பேச்சு இல்லை. முன்னாள் ராணுவத்தினர் இரண்டு பேர் இருப்பது நல்லது. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் ராணுவம் முழுவதற்கும் பிரதிநிதி ஆகிவிடுவார். இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும், மற்றவர்களுக்கு வாய் திறக்கத் தைரியம் வரும். ஹட்டியில் (படகர் ஊரில்) நடத்தினால் பெரியவர் முதலில் பேசுவதுதான் வழக்கம், அதற்குப் பிறகு இளையவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். வழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள். பேச்சுக்கு முன்பே எல்லோரும் எழுதிக் கொடுத்துவிடும்படி செய்யுங்கள், முறை கீழே.

மதியம் 2 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடித்துவிடுங்கள். இருட்டின பிறகு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டெருமையும் கரடியும் நடமாடுகிற ஊரில், விவாதம் சூடாக இருக்கிறது என்று 6.30 வரை இழுப்பது பொறுப்பில்லாத வேலை. மாதமும் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மழை வலுத்தால் டிஷ் சிக்னல் போகும், மரம் விழுந்தால் கரண்டும் போகும்.

அதனாலேயே நேரலையை நம்பாதீர்கள். வேறு காரணமும் உண்டு: நேரலை ஓடினால் எல்லோரும் அதைப் பார்ப்பார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரே நாள், ஒரே மணி நேரத்தில் இரண்டு சேனல்களில் வந்த பத்துப் பத்து நிமிடத் துண்டுகள் இரண்டு போதும். செட்டாப் பாக்ஸில் பென் டிரைவ் போட்டுப் பதிவு செய்தால் பெரும்பாலும் அது அதே பெட்டியில்தான் ஓடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். சேனல்காரர்களே யூடியூபில் ஏற்றுவதை முந்தின நாளே லேப்டாப்பில் சேமித்துக்கொள்வது சுலபம். ஆனால் ஒளிபரப்பில் வந்து பின்னால் பொய்யென்று தெரிந்த பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுவதும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வேலை: சீட்டு

பேச்சு எதுவும் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயர் வேண்டாம். இரண்டே கேள்வி, பதில் 0 முதல் 10 வரை ஒரு எண். “போர் நேரத்து டிவி செய்தி ஊர் மக்களின் கருத்தை எவ்வளவு மாற்றுகிறது?” “உங்கள் கருத்தை எவ்வளவு மாற்றுகிறது?” மடித்து வாங்கி, இரண்டுக்கும் சராசரி எடுத்து போர்டில் எழுதுங்கள்.

பெரும்பாலும் முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக வரும். டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-ல் இதற்கு ‘மூன்றாம் ஆள் விளைவு’ என்று பெயர் வைத்தார்: ஊடகம் அடுத்தவனைத்தான் கெடுக்கிறது, என்னை இல்லை என்று ஒவ்வொருவரும் நினைப்பது. அறையில் இருக்கிற எல்லோருமே மற்ற எல்லோரையும்விடக் குறைவாக ஏமாறுவது கணக்குப்படி நடக்காத காரியம். இதைப் போர்டில் பார்த்ததும் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு வந்தால் மீதிக் கூட்டம் நல்லபடி நடக்கும். சீட்டுக்குப் பதில் கையைத் தூக்கச் சொன்னால் இது வேலை செய்யாது. பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

முதல் துண்டை ஒலி இல்லாமல் ஓட விடுங்கள். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். 5 விநாடிக்கு ஒரு தரம் “டிக்” என்று சொல்வார். இரண்டு பேர் தனித்தனித் தாளில், அந்தக் கணத்தில் திரையில் இருப்பது எது என்று கோடு போடுவார்கள். பத்து நிமிடத்துக்கு 120 கோடு. கட்டங்கள் ஏழு: அன்றைய நாளும் இடமும் குறிப்பிட்ட களக் காட்சி, பழைய கோப்புக் காட்சி, வரைபடம், அனிமேஷன், ராணுவப் பயிற்சிப் படம், ஸ்டூடியோ முகங்கள், ‘தெரியவில்லை’. கடைசிக் கட்டம் இல்லாமல் தாள் கொடுக்காதீர்கள். அது இல்லையென்றால் சந்தேகமான எல்லாம் களக் காட்சிக் கட்டத்துக்குள் போய்விடும்.

இங்கே வழக்கமாகத் தவறுவது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘கோப்புக் காட்சி’ என்ற வரி. கீழே ஓடும் பட்டை அதை மறைத்துவிடும். திரையைப் பெரிதாக வைத்து முன் வரிசையில் கண் நல்லவரை உட்கார வையுங்கள். எண்ணிக்கை வந்த பிறகு ஒரு உதாரணம் சொல்லலாம்: 2025 மே 8 இரவு, இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது, பல தேசிய சேனல்கள் கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டுவிட்டதாக அடித்துச் சொன்னன. அப்படி எதுவும் நடக்கவில்லை. கராச்சி என்று அப்போது பரவிய காட்சிகளில் ஒன்று சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த விமான விபத்து. சைரன் ஒலியை நிகழ்ச்சிகளில் பின்னணியாகப் போடாதீர்கள், மக்களுக்கு நிஜ எச்சரிக்கை மரத்துப்போகும் என்று அரசே சேனல்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது அந்த வாரத்தில்தான்.

படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

இரண்டாவது துண்டுக்குத் திரையைத் துணி போட்டு மூடுங்கள். இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள், நாற்பது நிமிடம்கூட. தமிழில் செய்தி கேட்கிறவர்களுக்கு விஷயம் இங்கேதான் கிடைக்கும்.

ஒருவர் ‘தகவல்’ என்று முடிகிற வாக்கியங்களை எண்ணட்டும். “அழிக்கப்பட்டதாகத் தகவல்”, “கைப்பற்றப்பட்டதாகக் கூறப்படுகிறது”, “எனத் தெரியவந்துள்ளது”. யார் சொன்னார், யாருக்குத் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். ‘தகவல்’ என்பதற்குத் தகப்பன் பேர் கிடையாது. இன்னொருவர் பேரோடு, பதவியோடு, ஆதாரம் சொன்ன வாக்கியங்களை எண்ணட்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்து, ‘தகவல்’ வாக்கியங்களில் ஐந்தை எடுத்து வீட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நம் பாட்டிமார்கள் தான் கண்ணால் பார்க்காத சேதிக்கு வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ஆம்’ போடுவார்கள்: “அவ வீட்டுக்காரன் கோயம்புத்தூர் போயிட்டானாம்.” கேட்டது வேறு, பார்த்தது வேறு என்று அந்த ஈரெழுத்து சொல்லிவிடும். “எதிரி முகாம் தரைமட்டம்! தகர்த்தெறிந்த அதிரடி!” என்பதை இப்படித் திருப்புங்கள்: “ஒரு முகாமைத் தாக்கினாங்களாம். ராணுவம் சொல்லுதாம். இடிஞ்ச கட்டடம் இன்னும் காட்டல.” சேதி அதேதான், சூடு மட்டும் இறங்கியிருக்கும். இறங்கிய சூடு எவ்வளவோ, அவ்வளவும் சொல்லில் ஏற்றியது.

மூன்றாவது, சாவுக்கு என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். நம் பக்கம் ‘வீரமரணம்’, அந்தப் பக்கம் ‘கொன்று குவிப்பு’, நடுவில் அகப்பட்ட ஊர்க்காரர் ‘பலி’. ‘உயிரிழப்பு’ என்ற ஒரே சொல்லை மூன்று இடத்திலும் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: மகனைப் போரில் இழந்த குடும்பத்தினர் அறையில் இருந்தால் இந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். ‘வீரமரணம்’ அவர்களுக்குச் செய்திச் சொல் இல்லை, வீட்டுச் சொல். விவாதத்துக்காக அதைப் பிடுங்கிச் சோதிப்பது நியாயம் இல்லை.

எது முந்தி, எது பிந்தி

டீ இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது சார்ட்டுக்கு வாருங்கள். இங்கே கருவி காலக்கோடு ஒன்றுதான். சுவரின் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டி, தேதி எழுதிய சீட்டுகளைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். டிவியில் வந்த தேதி ஒரு நிறம், கருத்து மாறிய தேதி ஒரு நிறம், அரசு முடிவெடுத்த தேதி ஒரு நிறம்.

வியட்நாமில் தொடங்குங்கள், ஏனென்றால் ‘டிவிதான் அந்தப் போரை முடித்தது’ என்பதை யாராவது நிச்சயம் சொல்வார்கள். கதை இப்படி: 1968 பிப்ரவரி 27 அன்று வால்டர் கிராங்கைட் என்ற பெரிய செய்தியாளர், போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று டிவியில் சொன்னார், அதைப் பார்த்து அதிபர் ஜான்சன் மனம் உடைந்தார். சீட்டுகளை மாட்டிப் பாருங்கள். ‘படை அனுப்பியது தவறு’ என்றவர்கள் ‘தவறில்லை’ என்றவர்களை முந்தியது 1967 அக்டோபர் கேலப் கணிப்பிலேயே: 47க்கு 44. நிகழ்ச்சி வந்தது அதற்கு நான்கு மாதம் பிந்தி. அந்த இரவில் ஜான்சன் டிவி முன்னால் இல்லை, டெக்சாஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தார். ஜான் மியூல்லர் என்ற ஆய்வாளர் கொரியப் போரையும் வியட்நாமையும் ஒப்பிட்டார். அமெரிக்கப் பலி பத்து மடங்காகும்போதெல்லாம் இரண்டு போரிலும் ஆதரவு சுமார் 15 புள்ளி சரிந்திருந்தது. கொரியப் போர் நடந்தபோது டிவி அமெரிக்க வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் ஒரு சீட்டு வேண்டும். 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியாவின் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஒருவர் உடலைத் தெருவில் இழுத்த காட்சி டிவியில் வந்தது. அக்டோபர் 7 அன்று, 1994 மார்ச் இறுதிக்குள் படை திரும்பும் என்று அதிபர் கிளின்டன் அறிவித்தார். படம் முந்தி, முடிவு பிந்தி. ஆனால் படை போனதே டிவியில் பட்டினிக் குழந்தைகளைப் பார்த்ததால்தான் என்ற பேச்சு தேதியில் தேறவில்லை. 1992-ல் அரசியல்வாதிகள் அசைந்த பிறகுதான் சேனல்கள் அங்கே திரும்பின.

இனி நம்மூர்ச் சீட்டுகள். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அப்படியானால் 1962, 1965, 1971 மூன்று போர்களும் தமிழ்நாட்டுக்கு வானொலிப் போர்கள், செய்தித்தாள் போர்கள். 1962-ல் சீனா தாக்கியபோது தி.மு.க. போர் முயற்சிக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டு திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டது (பிரிவினை பேசினால் தேர்தலில் நிற்க முடியாது என்ற 16-வது சட்டத்திருத்தமும் அதற்குக் காரணம்). ஒரு மாநிலத்தின் மனநிலை அவ்வளவு திரும்பியது, டிவி என்ற பெட்டி இல்லாமலேயே. ‘எல்லாம் டிவியால்’ என்பவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும்.

2009 ஈழப் போர்ச் சீட்டை மாட்டும்போது நிதானம் வேண்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நிறைய. அவர்களைப் பார்த்து “உங்க ஊர்ச் சண்டைதானே, நீங்க சொல்லுங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் மலையகத்தார், போர் நடந்தது வன்னியில். செய்தியாளர்களைப் போர்முனைக்கு விடவில்லை, ஆகவே வந்த படமெல்லாம் ஏதோ ஒரு தரப்பு கொடுத்தது. தமிழ் சேனல்களோ ஒவ்வொன்றும் ஒரு கட்சி வாசனை. அந்த மே 13 அன்று தமிழகம் ஓட்டுப் போட்டது, தி.மு.க. – காங்கிரஸ் அணிக்கு 39-ல் 27. போர் பற்றிய கொதிப்பும் ஓட்டும் ஒரே கயிற்றில் வரவில்லை. ஆனால் 2013 பிப்ரவரியில், பிரபாகரனின் 12 வயது மகன் பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கும் படமும் சடலமாகக் கிடக்கும் படமும் வெளியாயின. மார்ச்சில் தமிழகம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, ஓடாத, பேசாத இரண்டு புகைப்படங்கள். இதை எந்தச் சார்ட்டின் கீழ் வைப்பது என்பதில் கூட்டம் பிரியும். பிரியட்டும், அன்றைய தினத்தின் நல்ல சண்டை அதுதான்.

எங்கே கெடும்

“நீ யூனிஃபார்ம் போட்டிருக்கியா?” வந்தே தீரும். அடக்காதீர்கள், கேள்வியாக மாற்றுங்கள்: “சுபேதார் சார், நீங்க அங்க இருந்தப்ப நடந்ததும் லீவுல வந்து டிவில பார்த்ததும் எங்க ஒத்துப்போச்சு, எங்க ஒத்துப்போகல?” அவர் அனுபவம் அப்போது சாட்சியாகும். இல்லையென்றால் அது வாய்ப்பூட்டு.

“செய்தியே காட்டக் கூடாது” என்று ஒருவர் எழுவார். 2008 மும்பைத் தாக்குதலை நேரலையாகக் காட்டியது, பாகிஸ்தானிலிருந்து தாக்குதலை இயக்கியவர்களுக்கு உதவியது என்று கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் கண்டித்திருக்கிறது; பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதோடு நிறுத்த வேண்டும் என்று கேபிள் டிவி விதியும் உண்டு. ஆனால் அது படை நகர்வைக் காட்டுவது பற்றிய விதி. கேள்வி கேட்கக் கூடாது என்பதாக அதை நீட்டவிடாதீர்கள்.

“எல்லாம் டிஆர்பிக்காக” என்பவருக்கு ஒரு நிமிடம் போதும். ரேட்டிங் மீட்டர் இருப்பது நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில். செய்தி சேனல் பார்ப்பவர் அதில் ஒரு பங்கு. சின்ன எண்ணிக்கை அசைந்தாலும் சேனலுக்கு வரும் விளம்பரம் அசையும், அதனால் கத்துகிறார்கள் என்பது சரி. கத்துவதால் பார்க்கிறவர் மனம் மாறுகிறது என்பதற்கு அது ஆதாரம் இல்லை.

யாராவது வாட்ஸ்அப் வீடியோவை நீட்டினால் அன்றைக்கு அதற்கு இடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் 4.30 ஆகிவிடும்.

பேச்சு உறைந்துவிட்டால் 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தை எடுங்கள். போர் இல்லைதான், ஆனால் நாட்டின் அத்தனை சேனல்களும் நம் ஊர்ச் சரிவுக்கு வந்த நாள். முப்படைத் தலைமைத் தளபதி உட்பட ஹெலிகாப்டரில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள், மீதி ஒருவர் ஒரு வாரத்தில். சதி என்ற ஊகங்கள் உடனே கிளம்பின. முப்படை விசாரணை மறுமாதம் சொன்னது: திடீரென மேகம் சூழ்ந்து விமானிக்குத் திசை தடுமாறியது; நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. டிசம்பர் மதியத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் மூடுபனி எப்படி ஏறும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை நீங்கள் எதை நம்பினீர்கள், ஏன் என்று சுற்றிக் கேளுங்கள். தெரிந்த மண்ணில் நடந்ததற்கே டிவி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை ஒவ்வொருவரும் சொல்லும்போது, தெரியாத மண்ணைப் பற்றிய பேச்சு தானாக ஓடும்.

4.10-க்கு அதே இரண்டு கேள்வியோடு மறுபடி சீட்டு. முதல் சராசரிக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ‘ஊர் மக்கள்’ எண் இறங்கி ‘நான்’ எண் ஏறியிருந்தால் கூட்டம் வேலை செய்திருக்கிறது. இரண்டும் அப்படியே இருந்தால் சத்தம் இல்லாமல் எண்ணிய பகுதியை அவசரமாக முடித்துவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த முறை துண்டு ஒன்றே போதும், எண்ணுவது இரண்டு தரம். கயிற்றில் உள்ள சீட்டுகளைக் கழற்றும்போது தேதி வரிசைப்படி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கலைந்துபோனால் திரும்ப அடுக்க ஒரு மணி நேரம் ஆகும்.